தங்கை மகன் விட்டுச் சென்ற பெட்டி

சென்ற ஜூன் மாதம் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன், காற்றுப் புகாத சிறு பெட்டி ஒன்றை என் முன் வைத்தான். அதனுள் ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், சில நாணயங்கள், என் மர்ஹூம் தந்தையார் மளிகைக் கடையில் பயன்படுத்திய பித்தளை எடைக்கல் ஒன்று ஆகியவை இருந்தன. எடைக்கல்லைக் கொடுத்தது தங்கைதான்.

"மாமா, இதை ரஞ்சன்குடிக் கோட்டையில் ஒளித்து வைக்கப் போகிறேன்" என்றான்.

இவ்விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயராம். செயற்கைக்கோள் வழியே இடமறியும் வசதியில், பொதுமக்களுக்கெனத் தான் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிய கணக்கு ஏறத்தாழ இருபது மீட்டருக்குள் வந்தது. உடனே, மே 3ஆம் நாள், டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். தேடிக் கண்டவர் குறிப்பேட்டில் பெயரெழுத வேண்டும்; ஒரு பொருளை எடுத்தால் ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். சென்டோசா தீவில், கடலை நோக்கி நிற்கும் சிலோசோ கோட்டைக்கு அருகே ஒரு பெட்டியைக் கண்டெடுத்த நாள் முதல், தாயின் ஊர்க் கோட்டையிலும் ஒன்று வேண்டும் என்பது அவன் ஆசை. கடல்தான் இங்கில்லை, அகழி இருக்கிறது.

பெரம்பலூரிலிருந்து சென்னைச் சாலையில் ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் உள்ளது அக்கோட்டை. பதினேழாம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் ஜாகிர்தார் ஒருவர் கட்டியது என்பர். நீள்வட்ட வடிவில், அரைவட்டக் கொத்தளங்களுடன், ஒன்றைவிட ஒன்று உயர்ந்த மூன்று மதில்கள். கீழே பேட்டை, உச்சியில் கோட்டைமேடு. நடுவே நிலவறைகளும் சுரங்க வழியும். 1751இல் பிரெஞ்சுக்காரர் துணையுடன் சந்தா சாகிபும், ஆங்கிலேயர் துணையுடன் முகம்மது அலியும் இப்பகுதியில்தான் மோதினர். இருவரும் மோதியதில் இறுதியாக நாட்டைப் பெற்றவர் யார் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவும் அறிந்திருந்தும், பேருந்துச் சன்னலிலிருந்து நூறு முறை பார்த்த அக்கோட்டையில் நான் ஏறியது பள்ளிப் பருவத்தில் ஒரே ஒரு முறைதான்.

பெட்டியுடன் சென்றோம். அவன் சுவரிடுக்குகளைத் துருவத் தொடங்கியதும் எனக்கு உள்ளூர ஓர் அச்சம் பற்றிக்கொண்டது. பழைய கோட்டையில் மூடிய பெட்டியைச் செருகிவிட்டு, கைப்பேசியைப் பார்த்தபடி அகலும் ஒரு பையனைக் காண்பவர் என்ன எண்ணுவார்? அவன் பெயரைக் கேட்டபின் என்ன எண்ணுவார்? பதினான்கு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அவனே ஒன்று சொன்னான். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் இத்தகைய பெட்டி ஒன்றை வெடிகுண்டென்று ஐயுற்று, தெருவை அடைத்து, வல்லுநர்கள் அதை வெடிக்கச் செய்தார்களாம். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காவலரிடம் நானே சென்று பெட்டியைத் திறந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "பிள்ளை விளையாட்டுதான், பாய். ஆனால் இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கல்லிடுக்கில் எதையும் வைக்க நான் விட முடியாது" என்றார். அவர் சொன்னதே நியாயம். ஒருவர் பெட்டியைத் தேடிக் கல்லைப் பெயர்த்தால், அடுத்தவர் புதையலைத் தேடிப் பெயர்ப்பார்.

பையன் முகம் வாடிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. இரவு உணவுக்குப்பின் தானே வந்து, விளையாட்டின் விதிகளிலும் இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டுமென்று உள்ளது என்று ஒப்புக்கொண்டான். வேறு வழியும் அவனே கண்டான். கோட்டையில் எதையும் வைக்காமல், அங்கு எண்ணக்கூடிய சிலவற்றை எண்ணச் சொல்வது. அந்த எண்களைக் கொண்டு கணக்கிட்டால் பெட்டி இருக்கும் இடம் கிடைக்கும். அந்த இடம், கோட்டைக்கு அணித்தே உள்ள எங்கள் மக்காச்சோளக் காட்டு வரப்பு.

மறுநாள் மீண்டும் ஏறினோம். படிகளையும் கொத்தளங்களையும் இருவரும் தனித்தனியே எண்ணி, கணக்கு ஒத்துவராமல் மூன்று முறை ஏறி இறங்கினோம். என் முழங்கால்கள் அதை நெடுநாள் நினைவில் வைத்திருந்தன. எண்களை இங்கு எழுதினால் விளையாட்டுக் கெடும்.

விடுமுறைக்கு வந்தவர் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட முடியாதாம். உள்ளூரில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். "நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா, மாமா?" என்று கேட்டான். "எடைக்கல்லை யாராவது எடுத்துக்கொண்டால்?" என்றேன். "ஈடாக ஒன்று வைப்பார்கள்" என்றான் வெகு எளிதாக.

வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து காட்டுக்குச் சென்று பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் குறிப்பேட்டை நெகிழிப் பையில் இட்டேன். "யாராவது வந்தார்களா?" என்று ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் கேட்கிறான். இதுவரை ஒருவரும் வரவில்லை. வர வேண்டுமென்று அவனுக்காக விரும்புகிறேன். மூடியைத் திறந்ததும் என் கை முதலில் தேடுவது எடைக்கல்லைத்தான்.