பாட்டிக்குக் கொடுப்பது கூலியா?

வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பிரசவ விடுமுறை 26 வாரம் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் விடுமுறை முடிகிறபோது குழந்தைக்கு ஆறு மாதம்கூட நிரம்பியிருக்காது. அதற்குப் பிறகு? நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மாவோ மாமியாரோதான் கை கொடுக்கிறார்கள்.

என் தங்கை வீட்டிலும் அப்படித்தான். அவள் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவாள். அதுவரை குழந்தை எங்கள் அம்மாவின் பொறுப்பு. அம்மாவுக்கு 63 வயது. முத்தியால்பேட்டை வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். மருந்து, மாத்திரை, கோயில் குளம் எல்லாம் அந்தக் காசில்தான். யாரிடமும் கை நீட்டியதில்லை. பேரன் வந்ததும் மெஷினுக்கு உறை போட்டாகிவிட்டது.

இதை நினைத்துத்தான் தங்கை, "மாசம் 6,000 ரூபாய் தரேம்மா" என்றாள். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஏண்டி, பேரனைத் தூக்கி வெச்சுக்கக் கூலியா? நான் என்ன ஆயாவா?" தங்கையின் கணவருக்கோ வேறு கவலை. "அத்தைக்கு இன்கம்டாக்ஸ் வந்துடுமோ? இல்ல, நமக்காவது வரி குறையுமா?"

இரண்டுக்கும் விடை தேடி, தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் தங்கையும் நானும் போனோம். அவர் சொன்னது உங்களுக்கும் பயன்படும்.

பெற்ற பிள்ளைகள் தாய் தகப்பனுக்குப் பிரியமாகக் கொடுக்கும் பணம் அன்பளிப்பு. எவ்வளவு கொடுத்தாலும் வாங்குகிறவருக்கு வரி கிடையாது. மருமகள் மாமியாருக்குக் கொடுத்தாலும், மருமகன் மாமியாருக்குக் கொடுத்தாலும் அப்படியே. சம்பளம் என்று பேசிக் கொடுத்தால்தான் அது அவருடைய வருமானமாகிவிடும்.

ஆனால் கொடுக்கிறவர் இதைக் காட்டி வரிச் சலுகை கேட்க முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்வது சொந்தச் செலவு. கடை வைத்திருப்பவர்கள் கடைக் கணக்கில் எழுதுவதும் செல்லாது.

அந்தப் பணத்தை அம்மா டெபாசிட்டில் போட்டால், வட்டி மட்டும் அவருடைய வருமானம். கணவர் மனைவிக்குக் கொடுத்த பணத்தின் வட்டி கணவர் கணக்கில் சேர்வதுபோல், இது பிள்ளைகள் கணக்கில் சேராது. வரியும் குறைய வேண்டுமென்றால் வேறு வழி உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்கள், 60 வயதான பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டும் தொகையில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம்.

"பார்த்தியாம்மா, சட்டமே இதை அன்பளிப்புன்னுதான் சொல்லுது" என்று தங்கை சொன்னதும் அம்மா முகம் தெளிந்தது. "அப்படின்னா சரி" என்று சம்மதித்தார்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. பிரான்ஸில் இருக்கும் உறவினர் சொன்ன கணக்கை அப்படியே இங்கே போட்டுவிடாதீர்கள். அங்கே வசதி குறைந்த பெற்றோருக்குக் கொடுப்பதைப் பிள்ளை தன் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். வாங்கும் பெற்றோர் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். நமக்கு நேர் எதிர்! பிரிட்டனில் இன்னொரு விதம். பென்ஷன் வயது வராத பாட்டி, 12 வயதுக்குட்பட்ட பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்டால், பெற்றவள் விட்டுக்கொடுக்கும் சலுகையால் அந்தக் காலம் பாட்டியின் பென்ஷன் கணக்கில் சேரும். 2011 முதல் இந்த ஏற்பாடு. பாட்டி செய்வதும் உழைப்புதான் என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறதே, அதைச் சொல்லுங்கள்!

நம் சட்டத்தில் அது இல்லை. ஆகவே நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும். சகோதரிகளே, குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறீர்களா? மாதம் பிறந்ததும், அவர் கேட்காமலே, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பாஸ்புத்தகமும் ஏ.டி.எம். கார்டும் அவரிடமே இருக்கட்டும். எதற்குச் செலவழித்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.