புதுக்கடை முற்றத்தில் ஒரு பிரசவம்

கொழும்பு மாநகரிலே புதுக்கடை என்றதும் எவருடைய நினைவுக்கும் முதலில் வருவன நீதிமன்றங்களே. கறுப்பு மேலங்கியணிந்து விரையும் சட்டத்தரணிகள், கட்டுக் கட்டாகப் பத்திரங்களைச் சுமந்து வரும் குமாஸ்தாக்கள், தவணைத் திகதிக்காகத் தொலைதூரத்திலிருந்து இரவோடிரவாகப் பயணஞ்செய்து வந்து சுவரோரம் குந்தியிருக்கும் கிராமத்தவர்கள், இத்தனை பேருக்கும் தேநீர் ஆற்றிக் களைத்த கடைக்காரர் என்றிவ்வாறு காலைப்பொழுது ஓயாது இயங்கும். 1656ஆம் ஆண்டு கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்ட போரிலே உயிர்நீத்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ப்ட் என்பானின் பெயராலேயே ஆங்கிலத்தில் இவ்விடம் ஹல்ஸ்டோர்ப் எனப்படுகிறது. 1874ஆம் ஆண்டு தொடங்கிய சட்டக் கல்விப் பரம்பரையும், 1989ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கட்டடத் தொகுதியும் இதன் பெருமைக்குச் சான்றுகள். மாலை மயங்கியதும் வழக்குகள் ஓய, கொத்துரொட்டித் தட்டின் ஓசை எழும்.

இத்தகைய சந்தடிக்கு நடுவே ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நாம் குடியிருக்கிறோம். வீட்டின் பின்னே நான்கு பாய் விரிக்கத்தக்க முற்றம். அதில் ஒரு முருங்கை, இரண்டு செம்பரத்தை, எமது இல்லத்தரசி கீரை விதைத்த சிறு பாத்தி. நேயர்களுக்கு நாம் சொல்லப்போவது இந்த முற்றத்திலே நடந்த ஒரு பிரசவத்தின் கதை.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலம். நீதிமன்றங்கள் மூடப்பட்டிருந்தன. வீதியிலே காகங்களின் குரலன்றி வேறொலி இல்லை. காலை பத்து மணியளவில் எம் மகன் ஓடிவந்து, “அப்பா, கீரைப் பாத்தியைக் கரட்டோணான் ஒன்று கிளறுகிறது, அடிக்கட்டுமா?” என்று கேட்டான். கையிலே கல்லும் இருந்தது.

ஓணானைக் கண்டாற் கல்லெடுப்பதும், ஈர்க்கிலே சுருக்கிட்டுப் பிடிப்பதும் நமது சிறுவர்களின் பரம்பரை விளையாட்டு. இரத்தம் உறிஞ்சும் என்று அதன் மேல் ஒரு பழியும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவந்து விடுவதனால் எழுந்த வீண்பழி அது. உண்மையில் அப்பிராணி எறும்பையும் வெட்டுக்கிளியையும் உண்டு வாழ்வது. மனித இரத்தத்தோடு அதற்கு யாதொரு தொடர்புமில்லை.

நாம் மெல்ல எட்டிப் பார்த்தோம். வயிறு புடைத்த பெண் ஓணான். முன்னங்கால்களால் மாறி மாறி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி எம்மை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி இழுத்துச் சென்றது. “கல்லைக் கீழே போடு” என்று நாம் சொன்ன குரலிலிருந்த கடுமையைக் கேட்டு மகன் திகைத்துப் போனான்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே ஒரு கிராமத்தில் நாம் சிறுவனாக இருந்த காலம். உறவினர் ஒருவர் பற்றைக்காட்டிலிருந்து ஒரு பச்சோந்தியைக் கொண்டுவந்து தந்தார். இலங்கையில் வாழும் ஒரே பச்சோந்தி இனம் அது. 1768ஆம் ஆண்டில் லோரன்டி என்னும் அறிஞர் அதற்குச் சூட்டிய அறிவியற் பெயரிலேயே எமது தீவின் பெயர் பொதிந்திருக்கிறது. ஈரலிப்பான கொழும்பில் அதனைக் காண முடியாது. வடக்கு, வடமேற்கு வறண்ட நிலங்களே அதன் தாயகம். ஒன்றையொன்று சாராது சுழலும் கண்களையும், அம்புபோற் பாயும் நாவையும் கண்டு நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. பழைய கோழிக்கூடொன்றில் கிளைகளை வைத்து அதனைக் குடியேற்றினோம். நாள்தோறும் வெட்டுக்கிளி பிடித்துக் கொடுத்தோம்.

சில வாரங்கள் சென்றபின் அது உண்ண மறுத்தது. மரக்கிளையை விட்டிறங்கிக் கூட்டின் பலகைத் தளத்தை இரவு பகலாகப் பிறாண்டியது. தப்பியோட முயல்கிறது என்றெண்ணிக் கூட்டின் வாயிலை மேலும் இறுக்கிக் கட்டினோம். நான்காம் நாட் காலை அது கண்மூடிக் கிடந்தது. வயிறு மட்டும் உப்பியே இருந்தது.

ஏன் மாண்டது என்பது அன்று விளங்கவில்லை. பல ஆண்டுகளின் பின், கல்லூரி ஆசிரியனான பிறகு, ஊர்வன பற்றிய நூல்களைப் புரட்டியபோதே உண்மை புலப்பட்டது. மரத்திலேயே வாழும் பச்சோந்தி மண்ணை நாடி இறங்குவது பெரும்பாலும் முட்டையிடுவதற்காகவே. ஈரமண்ணைத் தோண்டிக் குழிக்குள் முட்டையிட்டு, மூடிவிட்டு மரமேறும். தோண்ட மண் கிடையாவிடின் முட்டைகளை வெளியேற்ற இயலாது வயிற்றிலேயே தேங்கி, தாய் மாண்டு போவதுண்டு. அந்தப் பலகையிலே அது பிறாண்டியது தப்புவதற்காக அன்று. பிடி மண் கேட்டே பிறாண்டியது. நாமோ கயிற்றை இறுக்கினோம்!

மேலைநாடுகளில் ஏமன் தேசத்துப் பச்சோந்தியை வீட்டில் வளர்ப்போர் இதனை நன்கறிவர். பெண் பச்சோந்தியின் கூட்டினுள் ஓரடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய பாத்திரம் வைப்பர். ஆணைக் காணாத பெண்ணும் கருவில்லா முட்டை இடக்கூடுமாதலால் இது எப்போதும் தேவை. முட்டையிடும் வேளையில் அதனை எவரும் எட்டிப் பார்க்கலாகாது. பார்த்தால் குழியைக் கைவிட்டுவிடும். இட்ட முட்டைகளை ஈரமான வெர்மிகுலைட்டுத் தூளிலே பதித்து, 26 முதல் 28 பாகை செல்சியசு வரையான வெப்பத்தில் வைத்தால் ஏறக்குறைய ஆறு முதல் ஒன்பது மாதங்களிற் குஞ்சு வெளிவரும். கோழி தன் முட்டையை அடிக்கடி புரட்டிவிடும். பச்சோந்தி, ஓணான் முட்டைகளையோ புரட்டுதல் ஆகாது. உள்ளே வளரும் கரு ஓட்டின் மேற்புறத்தோடு ஒட்டியிருப்பதால், தலைகீழாக்கினால் அது அழிந்துபோகக்கூடும்.

இவ்வளவையும் மகனுக்கும் மகளுக்கும் தாழ்ந்த குரலில் எடுத்துரைத்தோம். மூவரும் கதவிடுக்கினூடாகவே பார்த்திருந்தோம். ஓணான் பின்புறத்தைக் குழிக்குள் இறக்கி அசையாதிருந்தது. பின்னர் மண்ணை இழுத்து மூடி, மூக்கு நுனியால் அழுத்தியழுத்திச் சமன் செய்தது. நண்பகலில் அது முருங்கையில் ஏறியபோது வயிறு ஒட்டி, விலாத்தோல் சுருங்கித் தொங்கியது. அதன்பின் அது திரும்பியும் பார்க்கவில்லை. அதன் தாய்மை அவ்வளவில் நிறைவுற்றது. எஞ்சியது மண்ணின் பொறுப்பு.

மகள் நான்கு குச்சிகளை நட்டு நூல் கட்டினாள். இல்லத்தரசி கீரைப் பாத்தியைத் துறந்தார். முட்டைகள் எத்தனை என்று அறிய மகன் தோண்டத் துடித்தான். “எண்ணினால் எமக்கு இன்பம், எண்ணாவிட்டால் அவற்றுக்கு உயிர்” என்றோம். அவன் பேசாதிருந்தான்.

வைகாசி பிறந்ததும் தென்மேற்குப் பருவமழை கொட்டத் தொடங்கியது. ஓரிரவு நள்ளிரவில் விழித்தபோது முற்றத்தில் நீர் கணுக்காலளவு நின்றது. மென்தோலாலான ஓணான் முட்டை மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பது, ஈரமின்றேல் வாடிவிடும். ஆயினும் மண் நீரில் மூழ்கிவிட்டால் காற்றின்றி உள்ளிருக்கும் உயிர் மூச்சடைத்து மடியும். “எடுத்து வீட்டுக்குள் வைப்போமா அப்பா?” என்று மகன் கேட்டான். எமக்கும் கை துடித்தது. ஆனால் அந்த இருளிலே ஒன்றையும் புரட்டாது எடுக்க எவரால் இயலும்?

அவ்வேளையில் எதிர்வீட்டு நானா ஒரு தகரத்தைத் தோளிற் சுமந்தவாறு வந்தார். “மாஸ்டர், பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். இதை மேலே சாய்த்து வையுங்கள்” என்றார். நாம் மண்வெட்டியெடுத்து வடிகால்வரை வாய்க்கால் வெட்டினோம். மகன் தேங்காய்ச் சிரட்டையால் நீரை அள்ளி ஊற்றினான். விடிவதற்குள் பாத்தி நீருக்கு மேலே தலைகாட்டியது. உள்ளே உயிர் எஞ்சியிருக்குமோ என்பதை மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை.

ஏழாம் வாரம். நீதிமன்றத்துக்குச் செல்வோர் வீதியை நிறைத்திருந்த ஒரு காலை. பாத்தி மண்ணிலே சிறு வெடிப்பு. அதனூடே ஒரு சின்னஞ்சிறு தலை. பின்னர் விரல் நீளமே உள்ள உடல். கண்ணிலும் உடலிலும் மண் ஒட்டியிருக்க, ஒரு கணம் உலகைப் பார்த்தது. அடுத்த கணமே அருகிற் சென்ற எறும்பைக் கவ்வியது! கற்பிப்பார் எவருமில்லை. பாடசாலைக்கு நேரமாகிவிட்டதையும் மறந்து பிள்ளைகள் எண்ணினார்கள். பதினொன்று வரை எண்ணியபோது மகனின் குரல் தழுதழுத்தது. நானாவும் வேலியோரம் நின்று பார்த்தார்.

அன்று எம் மனத்திலே மகிழ்ச்சியோடு ஒரு பாரமும் இருந்தது. பதினொரு ஓணான் குஞ்சுகளைக் காத்ததனால் அந்த ஒரு பச்சோந்திக்கு இழைத்த பிழை தீர்ந்துவிடாது. இந்நாட்டிற் பச்சோந்தி சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற உயிரினம். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அதனைப் பிடித்து வைத்திருப்பதைக் குற்றமாக்கியுள்ளன. அக்குற்றத்தை விசாரிக்க எமது வீட்டுக்கு எதிரிலேயே மன்றுகள் உள்ளன. அறியாது செய்ததென எமது மனமன்று இரங்கினும், முழு விடுதலை தந்ததில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்வோம். அழகான ஓர் உயிரைக் கண்டு கூட்டிலடைக்க ஆசை எழும்போது, அதற்கு உணவு உண்டா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். முட்டையிட அதற்கு மண் உண்டா என்றும் கேளுங்கள். அந்த ஒரு பிடி மண் நமது கூட்டில் இல்லையென்றால், அதனை அதன் காட்டிலேயே விட்டுவைப்பதுதான் அன்பு.

எமது பாத்தியிலே இப்போது மீண்டும் கீரை முளைத்திருக்கிறது. ஓரத்திலே ஓரடி நிலம் மட்டும் விதையின்றிக் கிடக்கிறது. அதனை விட்டுவைக்கும்படி சொன்னவன், அன்று கல்லேந்தி நின்ற எம் மகன்.