எந்தக் கடலிலிருந்து அளந்தீர்கள்?

மகள் வீட்டுக்கு ஜெர்மனி போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த கதையை இங்கே கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வருகிறேன். கோட்டை, தேவாலயம் எல்லாம் எழுதியாகிவிட்டது. இன்றைக்கு ஒரு பாலம். பார்க்க ஒன்றும் விசேஷமில்லாத கான்கிரீட் பாலம்தான். ஆனால் நாற்பது வருடத்துக்கு முந்தைய என் தவறு ஒன்றை அது ஞாபகப்படுத்திவிட்டது.

மகள் இருப்பது ஃப்ரைபர்க்கில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, "மாமா, சர்வேக்காரர் நீங்க கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு" என்று காரில் ஏற்றினார். லாஃபன்பர்க் என்ற ஊர். ரைன் நதிக்கு இந்தக் கரையில் ஒரு லாஃபன்பர்க், அது ஜெர்மனி. அந்தக் கரையில் இன்னொரு லாஃபன்பர்க், அது சுவிட்சர்லாந்து. நெப்போலியன் காலம் வரை இரண்டும் ஒரே ஊர்தானாம்.

இரண்டு ஊரையும் இணைக்க ஒரு புதிய பாலம் கட்டினார்கள். 2004இல் திறந்தார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்தால், ஒரு கரையின் மட்டத்துக்கும் மறு கரையின் மட்டத்துக்கும் 54 சென்டிமீட்டர் வித்தியாசம்! கிட்டத்தட்ட முழங்கால் உயரம்.

காரணம் இதுதான். எந்த உயரத்தையும் "கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு" என்று சொல்கிறோம். எந்தக் கடல்? ஜெர்மனி ஆம்ஸ்டர்டாமை வைத்துக் கணக்குப் போடுகிறது. சுவிட்சர்லாந்துக்குக் கடலே கிடையாது. ஜெனீவா ஏரியில் நிற்கும் ஒரு பாறையை 373.6 மீட்டர் என்று வைத்து அங்கிருந்து அளக்கிறார்கள். அந்த எண் மத்தியதரைக் கடலில், மார்செய் துறைமுகத்திலிருந்து வந்தது.

பேத்திக்கு ஒன்பது வயது. "தாத்தா, கடல் எல்லா இடத்துலயும் ஒரே உயரம்தானே?" என்றாள். இல்லையம்மா. உப்பு, வெப்பம், நீரோட்டம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறுவதால் கடலின் சராசரி மட்டமும் மாறும். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே 27 சென்டிமீட்டர். வேடிக்கை என்னவென்றால், இது பொறியாளர்களுக்குத் தெரிந்தேதான் இருந்தது. சரி செய்யும்போது கூட்டலா கழித்தலா என்பதில் தவறிவிட்டார்கள். 27 மறைவதற்குப் பதில் 54 ஆகிவிட்டது.

மாப்பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1978. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். காவிரிக் கடைமடையில் ஒரு வாய்க்காலுக்கு மதகு கட்ட லெவல் எடுக்கப் போனேன். பக்கத்துக் கல்வெர்ட்டில் பெஞ்ச் மார்க் வெட்டியிருந்தது. அதன் எண்ணைப் பழைய லெவல் புக்கிலிருந்து எடுத்துக்கொண்டேன். அது வேறொரு திட்டத்துக்காக, வேறொரு ஆரம்பப் புள்ளியிலிருந்து போட்ட கணக்கு. எங்கள் வரைபடம் இன்னொன்று. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மதகின் அடிமட்டம் ஒன்றேகால் அடி உயர்ந்துவிட்டது. ஏழெட்டு வேலி நிலத்துக்கு அந்த சம்பாவுக்குத் தண்ணீர் ஏறவில்லை.

ஒரு பெரியவர் வந்தார். லெவல் புக்கைப் பிரித்து, கூட்டல் கழித்தல் எல்லாம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி. தண்ணிதான் வரல." அடுத்த வருடம் மதகை இடித்துக் கட்டினோம். அவருடைய அந்த ஒரு போகம் போனது போனதுதான்.

ஊர் திரும்பியதும் ஐரோப்பாவில் இதற்கு என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். பாலத்துக்காவது ஒரு எல்லைதான். வெள்ளத்துக்கு? மியூஸ் நதி பிரான்சிலிருந்து பெல்ஜியம் வழியாக நெதர்லாந்துக்குப் போகிறது. பெல்ஜியத்தின் சுழியம் ஓஸ்டெண்டில், கடல் வற்றும் மட்டத்தில். பெல்ஜியக் கணக்கில் 10 மீட்டர் என்றால் டச்சுக் கணக்கில் சுமார் 7.7 மீட்டர்தான். ஜெர்மனிக்குள்ளேயே இரண்டு கணக்கு இருந்தது. கிழக்கு ஜெர்மனி ரஷ்யாவின் குரோன்ஸ்டாட்டிலிருந்து அளந்தது. 1990இல் நாடு ஒன்றானபோது, இரு பக்க உயரங்களுக்கும் சுமார் 15 சென்டிமீட்டர் வித்தியாசம்.

உயரம் மட்டுமில்லை. எதைக் காடு என்பது, சாலையை எப்படி வகை பிரிப்பது என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. இதற்காக 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் "இன்ஸ்பயர்" என்று ஒரு சட்ட நெறி கொண்டுவந்தது. நிலம், நீர், முகவரி, சாலை, மண், காப்புக்காடு என்று 34 தலைப்புகள். யாரும் புதிதாக அளக்க வேண்டாம், கைவசம் உள்ளதைப் பொதுவான வடிவில் கொடுங்கள் என்றது. இடத்துக்கு ஒரு பொதுக் கணக்கு, உயரத்துக்கு ஒரு பொதுக் கணக்கு. அந்த உயரக் கணக்கின் சுழியம் ஆம்ஸ்டர்டாம் மட்டத்தை ஒட்டியது.

சுலபமாக நடக்கவில்லை. பல நாடுகளில் வரைபடம் விற்றுத்தான் சர்வே அலுவலகம் நடந்தது. சும்மா கொடு என்றால் மனம் வருமா? சட்டத்தின் கடைசிக் கெடுவே 2021 வரை நீண்டது. சில முக்கியமான நிலத் தரவுகளை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லாததால் அதை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆக, லாஃபன்பர்க்கில் இன்றைக்கும் இரண்டு கரைக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஒவ்வொரு வரைபடத்தோடும் ஒரு விவரக் குறிப்பு இருக்க வேண்டும். யார் அளந்தது, எப்போது, எந்தக் கணக்கில், எவ்வளவு நம்பலாம். வரைபடத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதை எப்படிப் படிப்பது என்பதையும் சேர்த்துக் கொடு என்கிறார்கள். கல்வெர்ட்டுக் கல்லில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால், அல்லது நான் ஒரு கார்டு போட்டுக் கேட்டிருந்தால், அந்தப் பெரியவர் நெல் அறுத்திருப்பார்.

அந்த வேலைக்கு அப்புறம், ரிடையர் ஆகும் வரை, ஒவ்வொரு லெவல் புக்கின் முதல் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு வரி எழுதுவேன்: "சுழியம் எங்கிருந்து?" ஆபீசில் என்னைக் கிண்டல் செய்வார்கள். லாஃபன்பர்க் பாலத்தின் நடுவே நின்றபோது, பேத்தி குதித்துப் பார்த்து, "இப்ப சமமா இருக்கே தாத்தா" என்றாள்.

இருந்தது. சரி பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினேன்.