வட்டம் ஒன்று சேர்ந்தபோது

எம்ஆர்டி நிலையத்தின் மின்தூக்கி அருகே நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளால் ஆன சின்னம் ஒன்றைக் காணலாம். சக்கர நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருப்பதை அது காட்டும். அதன் கீழே எந்த மொழியில் விளக்கம் எழுதியிருந்தாலும், எதுவுமே எழுதாமல் இருந்தாலும், அது யாருக்கான வழி என்பது பார்த்தவுடன் புரிந்துவிடும். தோக்கியோவுக்குச் சென்றாலும் லண்டனுக்குச் சென்றாலும் அதே சின்னம்தான் வழிகாட்டுகிறது. நாள்தோறும் அதைக் கடந்து செல்லும் பலருக்கு ஒரு செய்தி தெரியாது. அதை முதன்முதலில் வரைந்தவர் புகழ்பெற்ற ஓவியர் அல்லர். அயல்நாட்டில் நடந்த பயிலரங்கு ஒன்றுக்குச் சென்றிருந்த மாணவி.

விமானப் பயணம் பெருகத் தொடங்கிய 1960களில், மொழி தெரியாத ஊரில் வந்திறங்குவோரும் பெருகினார்கள். 1964ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தபோது 93 நாடுகளைச் சேர்ந்த விளையாட்டாளர்கள் அங்கே கூடினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஜப்பானிய எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. அத்தனை நாட்டு மொழிகளிலும் அறிவிப்புப் பலகைகளை வைப்பது ஆகக்கூடிய காரியமா? எனவே, மசாரு கட்சுமி என்பவரின் தலைமையில் வடிவமைப்பாளர்கள் எழுத்துக்குப் பதிலாகப் படத்தை நாடினார்கள். விளையாட்டுகளுக்கும் கழிவறை போன்ற வசதிகளுக்கும் எளிய சின்னங்களை உருவாக்கினார்கள். வாய் திறந்து கேட்காமலே வந்தவர்கள் வழி கண்டுகொண்டார்கள். வரைகலை என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று, வேற்று மொழியினருக்குக் கைகொடுக்கும் கலை என்பதையும் உலகம் உணர்ந்தது.

ஆனால், படம் என்றாலே எல்லாருக்கும் பொது என்று எண்ணிவிடக்கூடாது. போரில் காயமுற்றோருக்கு உதவுவோரின் அடையாளமாக 1864ஆம் ஆண்டில் செஞ்சிலுவை ஏற்கப்பட்டது. பின்னர், 1870களில் ரஷ்யாவுக்கும் உஸ்மானியப் பேரரசுக்கும் போர் மூண்டது. சிலுவை வடிவம் முஸ்லிம் வீரர்களின் மனத்தைப் புண்படுத்தும் என்று கருதிய உஸ்மானியப் பேரரசு, அதற்குப் பதிலாகச் செம்பிறையைப் பயன்படுத்தியது. உயிர்காக்கும் கை ஒன்றுதான். ஆனால், அதன் அடையாளம் ஒருவருக்கு ஒருவிதமாகவும் மற்றொருவருக்கு வேறுவிதமாகவும் தோன்றியது. வரைபவர் நினைத்த பொருளும் பார்ப்பவர் கொள்ளும் பொருளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சின்னத்தை வரைவோர் சந்திக்கும் பெரிய சவால் இதுதான்.

அந்தச் சவாலைச் சந்தித்தவர்களுள் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த வடிவமைப்பு மாணவி சுசான் கொஃபோட். 1968ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் வட ஐரோப்பிய வடிவமைப்பு மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்று நடைபெற்றது. அதில் அவரும் கலந்துகொண்டார். அண்டை நாடுகள் என்றாலும் அவற்றின் மொழிகள் எல்லாம் ஒன்றல்ல. டேனிய மொழிக்கும் சுவீடிய மொழிக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஃபின்லாந்தின் மொழியோ முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்கு அக்காலத்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எந்தக் கட்டடத்தில் சாய்தளம் இருக்கிறது, எந்தக் கதவு போதிய அகலமாக இருக்கிறது என்பதை எப்படி அறிவது? அருகில் சென்று பார்த்த பிறகே படிகள்தாம் இருக்கின்றன என்று தெரிந்தால், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அயல்நாட்டில் என்றால் யாரையாவது கேட்டு அறிவதும் கடினம். ஆகவே, தொலைவிலிருந்து பார்த்தாலும் புரியக்கூடிய ஒரு சின்னம் தேவைப்பட்டது. கொஃபோட் சில கோடுகளால் ஒரு சக்கர நாற்காலியை வரைந்தார். பயிலரங்கின் முடிவில் நடந்த கண்காட்சியில் அது வைக்கப்பட்டது.

அந்தப் படத்தில் ஒரு குறை இருந்தது. நாற்காலி இருந்தது, அதில் அமர்பவர் இல்லை.

அதே காலக்கட்டத்தில், உடற்குறையுள்ளோரின் நலனுக்காகப் பாடுபடும் ரிஹேபிலிடேஷன் இன்டர்நேஷனல் என்னும் அனைத்துலக அமைப்பு, உலகம் முழுவதற்கும் பொதுவான சின்னம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. கார்ல் மொன்டான் என்பவர் தலைமையிலான குழு, ஆறு சின்னங்களை ஆராய்ந்தது. அவற்றுள் கொஃபோட்டின் படமும் ஒன்று. அது எளிமையாக இருந்தது. எனினும், கோடுகள் எல்லாம் ஒரே தடிமனாக இருந்ததால், எழுத்துகளைக் கோத்து எழுதிய முத்திரையோ என்று சிலர் குழம்பக்கூடும் என்ற கருத்து எழுந்தது. மொன்டான் அதற்குத் தீர்வு கண்டார். நாற்காலியின் மேலே ஒரு சிறிய வட்டத்தைச் சேர்த்தார். வட்டம் தலையானது. கோடுகள் உடலாயின. வெறும் நாற்காலி, மனிதராக மாறியது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். அந்தச் சிறு வட்டம் செய்தது அதைவிடப் பெரிய வேலை. 1969ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் கூடிய மாநாட்டில் அந்தச் சின்னம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிறகு, விமான நிலையங்கள், மருத்துவமனைகள், கார் நிறுத்துமிடங்கள் என உலகெங்கும் அது பரவியது. டேனிய மாணவி ஒருவர் சுவீடனில் தொடங்கிய வேலை, வேறொருவரின் கையால் திருத்தம் பெற்று, அயர்லாந்தில் உலகப் பொதுச்சொத்தானது.

கதை அத்துடன் முடியவில்லை. சின்னத்தில் இருப்பவரின் உடல், நாற்காலியின் ஒரு பகுதியைப் போலவே விறைப்பாக இருக்கிறது. யாரோ வந்து தள்ளிச் செல்வதற்காக அவர் காத்திருப்பதுபோல் தோன்றுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு பயின்றுவந்த சாரா ஹென்ட்ரன் என்னும் மாணவியின் கண்ணில் இது பட்டது. தத்துவப் பேராசிரியர் பிரையன் கிளென்னியுடன் சேர்ந்து, உடலை முன்னோக்கிச் சாய்த்துத் தம் கைகளாலேயே சக்கரத்தை உருட்டிச் செல்லும் மனிதரின் வடிவத்தை அவர் உருவாக்கினார். பாஸ்டன் வட்டாரத்தில் இருந்த பழைய சின்னங்களின்மேல், அடியில் இருப்பது தெரியும்படியான ஒட்டுவில்லைகளாக அந்த வடிவம் ஒட்டப்பட்டது. அனுமதி பெறாமல் ஒட்டியதால் சர்ச்சையும் எழுந்தது. பின்னர் அந்த வடிவம் சீரமைக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் புதிய வடிவத்தைச் சட்டத்தின் வழி ஏற்றது.

புதிய சின்னத்தை எல்லாரும் வரவேற்கவில்லை. தம் கைகளால் சக்கரத்தை உருட்ட இயலாதவர்களும் இருக்கிறார்களே, அவர்களை இந்தப் படம் மறந்துவிட்டதா என்று சிலர் கேட்டார்கள். சக்கர நாற்காலியே தேவைப்படாத உடற்குறைகளும் உண்டு என்று வேறு சிலர் சுட்டினார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே படத்தில் எல்லாரையும் அடக்குவது எளிதன்று. ஆயினும், அந்தக் கேள்விகள் எழுந்ததே ஒரு முன்னேற்றம்தான். தம்மைக் குறிக்கும் படம் எப்படி இருக்கவேண்டும் என்பதைச் சொல்லும் உரிமை, அந்தப் படத்தில் இருப்பவர்களுக்கு உண்டல்லவா?

இன்று பள்ளி மாணவர்கள் பலர் கல்விப் பயணமாக அயல்நாடுகளுக்குச் செல்கிறார்கள். அங்குள்ள சிற்றூர்ப் பள்ளிக்குச் சுவரோவியமோ அறிவிப்புப் பலகையோ வரைந்து கொடுக்கும் வாய்ப்பும் சிலருக்குக் கிடைக்கிறது. கணினியில் அழகாக வரைந்து முடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணத் தோன்றும். உண்மையில், வேலை அப்போதுதான் தொடங்குகிறது. வரைந்ததை அவ்வூர் மக்களிடம் காட்டி, “இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்க வேண்டும். எதிர்பாராத பதில் வந்தால், அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லக்கூடாது. கோட்டைத்தான் திருத்த வேண்டும். பண்பாடுகளுக்கு இடையே பாலம் போடுபவர், மறுகரையில் நிற்பவரைக் கேட்காமல் அதைக் கட்டி முடிக்க முடியாது.

அடுத்த முறை மின்தூக்கிக்காகக் காத்திருக்கும்போது அந்த நீலச் சின்னத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். மேலே இருக்கும் அந்தச் சிறிய வட்டத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். எஞ்சுவது வெறும் நாற்காலி. கையை எடுங்கள். அங்கே ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். பின்னால் திரும்பிப் பாருங்கள். வரிசையின் கடைசியில், அதே மின்தூக்கிக்காக அவர் காத்துக்கொண்டிருக்கக்கூடும்.