டக் டக் எண்டு சத்தம் வருது, அடுப்பு பத்துதில்ல!



கொஞ்சம் நீளமான பதிவு. நோன்பு வருவதற்கு முன்னர் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாசித்துவிட்டு உங்கள் வீட்டு அடுப்படியில் நிற்பவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

2021 கடைசியில் கேஸ் அடுப்பு வெடித்த செய்திகள் நாடெங்கும் வந்தபோது எல்லோரும் பயந்தோம். ஹோஸ் பார்த்தோம், ரெகுலேட்டர் பார்த்தோம், சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம். 2022இல் சிலிண்டருக்காக வரிசையில் நின்றோம். வரிசையும் முடிந்தது, பயமும் மறந்துவிட்டது. சிலிண்டரைப் பற்றித்தான் அன்று எல்லோரும் கதைத்தோம். ஆனால் எங்கள் வீடுகளில் தினமும் நடக்கிற சின்ன விடயம் ஒன்றை யாரும் கதைப்பதில்லை. பட்டனைத் திருப்பினால் அடுப்பு பற்றாமல் இருப்பதுதான் அது.

அண்மையில் வகுப்பில் தகனம் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எரிபொருள், ஒட்சிசன், வெப்பம் மூன்றும் சேர்ந்தால்தான் நெருப்பு என்று சொல்லி முடித்ததும் ஒரு பிள்ளை எழும்பியது.

“டீச்சர், எங்கட அடுப்பு டக் டக் எண்டு சத்தம் மட்டும்தான் போடும். நான் அஞ்சாறு தரம் திருப்புவன். பிறகு புஸ்ஸெண்டு பெரிசாப் பத்தும்.”

“நீங்களா பத்த வைக்கிற? உம்மா இல்லையா?”

“உம்மா வெளிநாட்டில, டீச்சர். சஹருக்கு நான்தான் எழும்பி சோறு சூடாக்குற.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் ‘புஸ்’ என்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஐந்தாறு தரம் திருப்பும்போது வெளியே வந்த கேஸ் முழுவதும் சேர்ந்து ஒரே நேரத்தில் பற்றுகிற சத்தம் அது. இன்று புஸ் என்று முடிவது இன்னொரு நாள் முகத்தில் முடியலாம்.

சரி, அடுப்பு ஏன் பற்றுவதில்லை? இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: பொறி வருகிறதா, கேஸ் வருகிறதா?

முதலில் சிலிண்டரை மூடுங்கள். வெளிச்சத்தை அணைத்துவிட்டு பட்டனைத் திருப்பி, பேர்னருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசியைப் பாருங்கள். நீலப் பொறி தெரிய வேண்டும். (கேஸ் மணம் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.)

பொறி இல்லையா? பெரும்பாலும் ஊசியில் எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது சோற்றுக் கஞ்சி பொங்கி ஊற்றிய ஈரம். துணியால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். ஊசியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் வெடித்திருந்தால் பொறி வேறு பக்கம் பாய்ந்துவிடும். அதை மாற்றத்தான் வேண்டும். ஊசி வளைந்து பேர்னரை விட்டுத் தள்ளிப் போயிருந்தாலும் பொறி பாயாது. சில குக்கர்களில் பற்றரி இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள். பற்றரி இல்லாதவற்றில் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் விசேட பளிங்கு போன்ற ஒரு துண்டில் அடிக்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். ‘டக்’ என்பது அந்த அடியின் சத்தம். சத்தம் வருவதால் பொறியும் வருகிறது என்று நினைக்க வேண்டாம்.

பொறி இருக்கிறது, ஆனால் பற்றவில்லையா? பேர்னர் மூடி சரியாக உட்காராமல் இருக்கலாம். கழுவிவிட்டு அவசரத்தில் வைக்கும்போது இது நடக்கும். ஊசிக்கு நேரே உள்ள துளைகள் அடைத்திருக்கலாம். மூடியைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷாலும் ஈர்க்காலும் சுத்தம் செய்து, முழுவதும் காய்ந்த பிறகு பூட்டுங்கள். உள்ளே இருக்கும் பித்தளை ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்த வேண்டாம். துளை பெரிதானால் கேஸ் கூடுதலாக வரும். சுவாலை மஞ்சளாகி சட்டி கரி பிடிக்கும். புதுச் சிலிண்டர் மாற்றிய உடனே ஹோஸில் காற்று இருப்பதால் சில செக்கன் தாமதமாகலாம். எதுவும் இல்லையென்றால் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள், முடிந்திருக்கும்.

இப்போது முக்கியமான விடயம். பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுங்கள்.

மூன்று தரம் திருப்பியும் பற்றாவிட்டால் பட்டனை மூடுங்கள். கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். இந்தக் கேஸ் காற்றை விடப் பாரமானது. மேலே போகாது, தரையில், குக்கருக்குக் கீழே, மூலையில் தேங்கும். நூறு பங்கில் இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். நுளம்புக்குப் பயந்து எல்லாம் அடைத்துக் கிடக்கிற சஹர் நேரத்து அடுப்படியில் அது போவதற்கு வழியே இல்லை.

மணம் பலமாக இருந்தால் லைட், ஃபேன் எதையும் போடவும் வேண்டாம், நிப்பாட்டவும் வேண்டாம். சுவிட்சுக்குள்ளும் பொறி உண்டு. முடிந்தால் சிலிண்டரை மூடிவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள்.

நெருப்புக்குச்சியால் பற்ற வைப்பதானால் குச்சி முதலில், கேஸ் பிறகு. பலர் கேஸைத் திறந்துவிட்டுத்தான் பெட்டியைத் தேடுகிறார்கள்! முகத்தைக் குனிந்து பார்க்கவும் வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் வாப்பாவோடு கதைத்தேன். “எனக்கு அடுப்படி விசயம் தெரியாதே டீச்சர்” என்றார். கோபத்தில் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். அடுத்த நாளே பேர்னரைக் கழற்றித் துப்புரவாக்கினாராம். மூடி மாறி உட்கார்ந்திருந்ததாம். செலவு ஒரு சதமும் இல்லை.

நானாமார், தம்பிமார், வாப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள். மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் வராவிட்டால் ப்ளக்கைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த எங்களூர் ஆண்களுக்கு இது பெரிய வேலை இல்லை. உம்மாமார் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளும், வயதான வாப்பும்மாமார் தனியாகச் சமைக்கிற வீடுகளும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன. இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஏதும் சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.