ஆளுக்கொரு கதை
டிஸ்க் செத்துப்போனால் பரவாயில்லை. இரண்டு பிரதிகளும் உயிரோடிருந்து ஆளுக்கொரு கதை சொன்னால்தான் வம்பு. நெட்வொர்க் அறுந்த நேரத்தில் ஒரே ஃபைலை இரண்டு சர்வரிலும் தனித்தனியாக எழுதிவிடுவார்கள். பிறகு ஒவ்வொன்றும் மற்றதைப் பழசு என்று குறித்துவைக்கும். இதற்குப் பெயர் ஸ்ப்ளிட்-பிரெய்ன்.

குனுவின் ‘ஜி’யைக் கிளஸ்டரோடு ஒட்டிப் பெயர் வைத்த கிளஸ்டர்எஃப்எஸ், அப்போது தானாக எதையும் தேர்ந்தெடுக்காது; இன்புட்/அவுட்புட் எரர் காட்டி நின்றுவிடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள். 2011இல் ரெட் ஹாட் வாங்கியது.

அந்தத் தயக்கம் நேர்மையானது. ராஜபாளையத்து வீட்டிலிருந்து, ஒரு வாடிக்கையாளரின் மாபெரும் வால்யூமில் சிக்கிய ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது தெரிந்தது: தேதி புதுசு என்பதாலோ, அளவு பெரிசு என்பதாலோ ஒரு பிரதி சரியாகிவிடாது. நான் விடுகிற பிரதியில் யாரோ ஒருவருடைய ஒருநாள் உழைப்பு போயிரும்.

இதைத் தடுக்க ஆர்பிட்டர் என்று மூன்றாவது ஒன்றை வைப்பார்கள். ஃபைலின் பெயரும் குறிப்புகளும் மட்டும் அதனிடம் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரில் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர் மாதிரி. வடம் இழுக்கமாட்டார், ஆனால் அவரில்லாமல் தேர் திரும்பாது. மூன்றில் இரண்டு சம்மதித்தால்தான் எழுத முடியும்.

ஏற்கெனவே கைவிட்ட பிரதிகளுக்கு மட்டும் அதனாலும் சாட்சி சொல்ல முடியாது.