தொங்கு பொம்மையும் 26 வாரமும்

தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் தொட்டிலும் அரைஞாண் கொடியும் எதிர்பார்ப்பார்கள். தங்கை மகளுக்கு நான் முதலில் கொடுத்தது ஒரு தொங்கு பொம்மை. கடைகளில் 'மொபைல்' என்று விற்கிறார்களே, அதுதான். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய நூல்கண்டு, இரண்டு மூங்கில் குச்சி, போன வருட நாள்காட்டி அட்டை. இவ்வளவுதான் செலவு.

செய்வது எளிது. குச்சிகளைக் குறுக்காக வைத்துக் கட்டுங்கள். அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு மையால் வட்டம், பட்டைக் கோடு, கட்டம், இரண்டு கண்ணும் வாயும் உள்ள ஒரு முகம் வரைந்து வெட்டி, நூலில் தொங்கவிடுங்கள். மின்விசிறிக் காற்றுக்கே மெல்லச் சுற்றும்.

ஏன் கறுப்பு வெள்ளை? பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். வெளிர் நிறங்கள் அதற்குப் பிடிபடாது. அழுத்தமான வேறுபாடுதான் கண்ணை இழுக்கும். நிறங்கள் நன்றாகத் தெரிய மூன்று, நான்கு மாதம் ஆகும். தூளியில் கிடக்கும் பிள்ளைக்குத் தெரிவது இருபுறமும் சேலைத் துணி மட்டும். அதனால் விழித்திருக்கும்போது பாயில் படுக்க வைத்து, நெஞ்சுக்கு நேராக ஒரு அடி உயரத்தில் கட்ட வேண்டும். ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். கை நீட்டிப் பிடிக்கத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும். நூல் கழுத்தில் சுற்றும், அட்டை வாய்க்குப் போகும்.

இந்தப் பொம்மையை வைத்து ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியர். குழந்தையின் கணுக்காலையும் தொங்கு பொம்மையையும் ஒரு நாடாவால் இணைத்தார். கால் உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிடங்களிலேயே குழந்தைகள் அதைப் புரிந்துகொண்டு வேகமாக உதைத்தன. 1969-இல் அந்த ஆய்வு வெளியானது. மூன்று மாதக் குழந்தை தான் கற்றதை ஏறக்குறைய ஒரு வாரம் நினைவில் வைத்திருக்கிறது என்று பின்னர் நிறுவினார். வீட்டில் காலில் நாடா கட்ட வேண்டாம். பிள்ளை உதைக்கும்போது நாம் பொம்மையை ஆட்டினால் போதும், 'ஆமாண்டி செல்லம், நீதான் ஆட்டினே' என்று பதில் சொன்னால் போதும்.

'அவங்க பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது' என்ற பேச்சை நாம் எல்லோரும் பள்ளியில் கேட்டிருக்கிறோம். மூன்று மாதத்தில் எந்தத் தெருவில் பிறந்த பிள்ளையும் உதைக்கிறது, கவனிக்கிறது, நினைவில் வைக்கிறது. உதைத்ததும் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்பதில்தான் சாதி உள்ளே வருகிறது.

என் தங்கை ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். கடற்கரைச் சாலைக்கு நடக்க வருபவர்கள் காலையில் சுத்தமான தெருவைப் பார்க்கிறார்கள் அல்லவா, அதற்கு முன்பே வேலைக்கு இறங்கும் பெண்களில் ஒருத்தி. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனதுமே 'வரலைன்னா வேற ஆள் போடுவோம்' என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். போனாள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியம்தான் திரும்புவாள். என் அம்மாவுக்கு மூட்டுவலி. பாயில் உட்கார்ந்து எழ முடியாது. பொம்மை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை ஆட்டித் தரும் கை தெருவில் துடைப்பம் பிடித்திருந்தது.

இது விதியல்ல, சட்ட மீறல். 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமானது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 26 வாரத்தைத்தான் சொல்கிறது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

இந்த உரிமைக்கு நம் முன்னோடி யார் தெரியுமா? 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன் என்பது அவர் வாதம். 1929-இல் அது சட்டமானது. ஐந்து குழந்தைகளில் நான்கைப் பறிகொடுத்தவர் அவர். மகன் ராஜரத்னா இறந்தது 1926-இல்; இரண்டே ஆண்டில் இந்தப் பேச்சு.

தோழர்களே, இரவுப் பாடசாலை நடத்துகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நாள்காட்டிகளைச் சேகரித்து, கைக்குழந்தை உள்ள தாய்மாரோடு உட்கார்ந்து இந்தப் பொம்மையைச் செய்யுங்கள். கை வேலை செய்யும்போது பேச்சு தானாக வரும். பிரசவ தேதி என்ன, எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பேறுகாலத் தொகையை ஈ.எஸ்.ஐ.யிடமே கோரலாம். சம்பளச் சீட்டே தருவதில்லை என்றால் வங்கிப் புத்தகப் பதிவு, அடையாள அட்டை, சீருடையில் எடுத்த படம் எல்லாம் ஆதாரம்தான். ஒருத்தி தனியாகக் கேட்டால் 'வேற ஆள்' என்பார்கள். இருபது பேரின் தேதிகள் ஒரே மனுவில் தொழிலாளர் துறை மேசைக்குப் போகட்டும்.